நாறும் பூவும் நாறிய பேரும்



சாரல் காலத்தில் தென்காசியில் ஓர் அரங்கம் நிறைவது சாதாரணக் காரியமா? ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிறது. பிரானூர் பார்டரில் பரோட்டாக் கல் காய்ந்துகொண்டிருக்கிறது. இரண்டையும் விட்டுவிட்டு ஒரு சொற்பொழிவுக்கு வந்திருக்கிறீர்கள். வந்தவர்களுக்கு மணக்க மணக்க எதையாவது சொல்ல வேண்டும் என்பதுதான் முறை. ஆனால் இன்றைக்கு எடுத்துக்கொண்ட பொருள் மூக்கைப் பொத்த வைக்கிற பொருள். ஒரே ஒரு சொல். அந்தச் சொல் நாற்றம்.

முகம் சுளிக்கிறது தெரிகிறது. சுளிக்கட்டும். அந்தச் சுளிப்பு எங்கிருந்து வந்தது? எப்போது வந்தது? வள்ளுவர் காலத்து மனிதர் இந்தச் சொல்லைக் கேட்டபோது முகம் சுளித்தாரா, மலர்ந்தாரா? இதுதான் இன்றைய பேச்சு.

நூல்களுக்குப் போகும் முன்னால் ஒரு கோயிலுக்குப் போய்விட்டு வரலாம். நம் மலையில் பிறக்கிற கடனாநதி, சிவசைலம், ஆழ்வார்குறிச்சிப் பக்கமெல்லாம் வயலுக்கு நீர் கொடுத்துவிட்டுப் போய்த் தாமிரபரணியில் கலக்கிற இடம் திருப்புடைமருதூர். அங்கே மருத மரத்தடியில் வீற்றிருக்கும் சிவபெருமானின் திருப்பெயர் என்ன? நாறும்பூநாதர். மணக்கும் பூவுக்கு நாதர். கருவூர்ச் சித்தர் அக்கரையில் வந்து நின்றாராம். ஆற்றில் வெள்ளம். கடக்க வழியில்லை. அங்கிருந்தே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கூப்பிட்ட குரல் சரியாகக் கேட்கட்டும் என்று சுவாமி தலையைச் சாய்த்தார். இன்றும் லிங்கம் சற்றே சாய்ந்திருப்பதற்குத் தலபுராணம் சொல்லும் காரணம் இது.

கூப்பிட்ட பெயரைக் கவனியுங்கள். "நாறும்பூநாதா!" இறைவன் தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை, சாய்த்துக் கேட்டார். அந்தப் பெயரில் குறையில்லை என்று அவருக்குத் தெரியும்.

திருநெல்வேலி, அம்பாசமுத்திரம் வட்டாரத்துக் குடும்பங்களில் இந்தப் பெயர் தலைமுறை தலைமுறையாக வருகிறது. கழுகுமலையில் பிறந்து நெல்லையில் வாழ்ந்து 2025இல் மறைந்த எழுத்தாளர் இரா. நாறும்பூநாதனை இங்கே பலர் வாசித்திருப்பீர்கள். வெளியூர்ப் பள்ளிக்கூடத்தில் இந்தப் பெயரோடு ஒரு பையன் போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும்? வருகைப்பதிவு வாசிக்கும்போதே பின் பெஞ்சில் சிரிப்பு கிளம்பும். பெயர் வைத்த தாத்தா பூவை நினைத்து வைத்தார். சிரிக்கிற பிள்ளைகள் சாக்கடையை நினைத்துச் சிரிக்கிறார்கள். இரண்டு பேரும் பேசுவது ஒரே தமிழ்தான்.

அப்படியானால் இடையில் நடந்தது என்ன?

திருக்குறளைத் திறப்போம். ஐந்து புலன்களின் நுகர்ச்சியை எண்ணுகிற 27ஆம் குறளில் சுவை, ஒளி, ஊறு, ஓசை என்ற நான்கோடு ஐந்தாவதாக வருவது நாற்றம். மூக்கு அறிவது எதுவோ அது நாற்றம், அவ்வளவே. நல்லதா கெட்டதா என்ற பேச்சே அங்கே இல்லை. காமத்துப்பாலுக்குப் போனால் 1274ஆம் குறள். மொட்டுக்குள் மணம் அடங்கிக் கிடப்பதுபோல் அவளுடைய சிரிப்பு மொட்டுக்குள் ஒரு குறிப்பு அடங்கிக் கிடக்கிறது என்கிறான் காதலன். அந்த மணத்துக்கு வள்ளுவர் போட்ட சொல் நாற்றம். இன்றைய இளைஞர் ஒருவர் தம் காதலியிடம் இப்படி ஒரு பாராட்டைச் சொல்லிப் பார்க்கட்டும். மறுநாள் இந்த அரங்கத்துக்கு வந்து என்ன நடந்தது என்று சொல்லட்டும்!

இன்னும் இருக்கிறது. 1113ஆம் குறளில் அவளுடைய அழகை ஒவ்வொன்றாக வியக்கிறான். மேனி தளிர், பல் முத்து என்று சொல்லிக்கொண்டே வந்து, அவள் மேனியின் மணத்துக்கு வெறிநாற்றம் என்கிறான். வெறி என்றாலும் அன்று மணம்தான். இன்று அந்த இரண்டு சொல்லையும் சேர்த்துப் படித்தால் என்ன தோன்றும்? தெருமுனையில் நிற்கிற நாய் ஞாபகத்துக்கு வரும். ஒரே தொடரில் இருந்த இரண்டு சொல்லுமே பேர் கெட்டுப்போயின. இப்படி ஜோடியாக விழுந்த சொற்கள் தமிழில் வேறு உண்டா என்று தேடிப் பார்க்கலாம்.

650ஆம் குறள் மேடையில் நிற்பவர்களுக்குக் கொஞ்சம் உறுத்தலான குறள். கற்றதைப் பிறர் மனம் கொள்ளச் சொல்லத் தெரியாதவர் கொத்தாகப் பூத்தும் நாறாத பூவைப் போன்றவர் என்கிறது. சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டங்களை எண்ணிக்கொள்ளுங்கள். ஆடி மாதத்தில் கேரளத்திலிருந்து வண்டி வண்டியாக வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கண்ணுக்கு விருந்து. ஆனால் அந்தப் பூவை மோந்து பார்த்தவர் யார்? வள்ளுவர் கணக்கில் அது நாறாத பூ. குறை என்ன? நாறாததுதான் குறை. நாறினால் பெருமை!

வள்ளுவரோடு இது முடிந்துவிட்டதா? இங்கிருந்து கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி, ராஜபாளையம் தாண்டினால் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே ஒரு பெண்பிள்ளை திருமாலின் சங்கைப் பார்த்து, அவன் வாய் எப்படி மணக்கும் என்று கேட்டாள். கருப்பூரம் போலவா, தாமரை போலவா என்று கேட்டாள். நாச்சியார் திருமொழியில் இருக்கிறது. ஆண்டாள் அங்கே ஆண்ட வினைச்சொல் நாறு என்பதுதான். திருப்பாவையின் 10ஆம் பாசுரத்தில் துளசிக்கு அவள் கொடுத்த அடைமொழி நாற்றம். மார்கழி விடியலில் பெருமாள் கோயில்கள் எங்கும் ஒலிபெருக்கியில் நாற்றத் துழாய் என்று பாடிக்கொண்டிருக்கிறோம். ஒருவரும் மூக்கைப் பொத்துவதில்லை. பாட்டு முடிந்து வெளியே வந்து, தெருவோரக் குப்பைத்தொட்டியைப் பார்த்து, "என்ன நாத்தம்!" என்கிறோம். காலை ஐந்து மணிக்கு ஒரு பொருள், ஆறு மணிக்கு வேறு பொருள்.

இந்த இடத்தில் பல மேடைகளில் ஒரு முடிவு சொல்லிவிடுவார்கள். "அந்தக் காலத்தில் நாற்றம் என்றால் நறுமணம். இந்தக் காலத்தில் நாற்றம் என்றால் கெட்ட வாடை. சொல் தலைகீழாகிவிட்டது." கைதட்டலும் கிடைத்துவிடும். கைதட்டுவதற்கு முன் நற்றிணையின் 45ஆம் பாட்டையும் கேட்க வேண்டும்.

அது நெய்தல் பாட்டு. செல்வர் வீட்டுப் பிள்ளை தேரில் ஏறிக் கடற்கரைச் சிற்றூருக்கு வந்து நிற்கிறான். மீனவப் பெண்மேல் ஆசை. தோழி அவனை மடக்குகிறாள். இவள் கடலோரக் குடியில் பிறந்தவள், நீயோ பெருநகரத்துச் செல்வன் மகன் என்று எடுத்துச் சொல்கிறாள். சுறாவை அறுத்துக் காயப்போட்டுப் பறவை ஓட்டுகிற எங்களுக்கு உன் சீரும் சிறப்பும் எதற்கு என்று கேட்கிறாள். எங்கள்மேல் மீன் வாடை அடிக்கிறது, எட்டவே நில் என்கிறாள். குறும்பும் தன்மானமும் கலந்த பேச்சு. அந்த மீன் வாடையைச் சொல்ல அவளுக்குக் கிடைத்த வினை எது? அதே நாறு!

ஆக, சங்க காலத்திலேயே பூவும் நாறியது, சுறாவும் நாறியது. சொல்லுக்குச் சார்பு இல்லை. எதிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து நல்லதோ கெட்டதோ ஆனது. பூ என்றால் நல்லது, புலால் என்றால் கெட்டது. நாற்றம் என்ற சொல் நடுவில் நின்ற சொல். நறுமணம் என்ற உச்சியிலிருந்து அது விழவில்லை. நடுவில் நின்றது, ஒரு பக்கமாக நகர்ந்தது. நகர்த்தியவர்கள் நாம்.

இதற்குச் சாட்சி வேண்டுமா? நம் வாயிலேயே இருக்கிறது. துர்நாற்றம் என்கிறோமே, அந்தச் சொல்லையே விசாரிக்கலாம். நாற்றம் என்றாலே கெட்டதுதான் என்றால் அதற்கு முன்னால் ஒரு துர் எதற்கு? துர்க்குணம் என்கிறோம், ஏனென்றால் நற்குணமும் உண்டு. துர்ச்சகுனம் என்கிறோம், ஏனென்றால் நற்சகுனமும் உண்டு. துர்நாற்றம், தீநாற்றம் என்ற சொற்களை உருவாக்கியவர்களுக்கு நாற்றம் என்பது பொதுச்சொல்லாக இருந்திருக்கிறது. கெட்டதைத் தனியே குறிக்க ஓர் ஒட்டு தேவைப்பட்டிருக்கிறது. ஒட்டு இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேவைதான் போய்விட்டது.

சரி, இந்தச் சொல்லின் வேர் எது? வேர்ச்சொல் பேசும்போது இந்த மாவட்டத்தில் ஒரு பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. மொழிஞாயிறு ஞா. தேவநேயப் பாவாணர் 1902இல் சங்கரன்கோவிலில் பிறந்தவர். ஒவ்வொரு சொல்லின் வேரையும் தோண்டிப் பார்ப்பதற்கே வாழ்நாளைக் கொடுத்தார். 1974 முதல் 1981இல் மறையும்வரை செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தை நடத்தினார். சங்கரன்கோவிலுக்கு இன்னொரு பெருமை பூச்சந்தை. பிச்சியும் மல்லியும் கேந்தியும் அங்கிருந்து மலையேறிக் கேரளத்துக்குப் போகின்றன. சொல்லை மோந்து பார்த்தவர் பிறந்த ஊர், பூவை மோந்து பார்த்து விலை சொல்கிற ஊராகவும் இருக்கிறது.

நாறு என்ற வினைக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால் மணத்தலும் இருக்கிறது, தீநாற்றம் வீசுதலும் இருக்கிறது. அதோடு நம்மில் பலர் எதிர்பாராத ஒன்றும் இருக்கிறது. முளைத்தல், தோன்றுதல். நாற்றங்காலில் முளைத்து நிற்கிறதே நாற்று, அது இந்த வினையில் பிறந்தது. பேச்சில் நாத்து, நாத்தம் என்று இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலவே ஒலிக்கின்றன. மண்ணிலிருந்து கிளம்புவது நாற்று, பொருளிலிருந்து கிளம்புவது நாற்றம் என்று சேர்த்துப் பார்க்க ஆசை வருகிறது. இரண்டும் ஒரே வேரா, ஒலியால் ஒத்துப்போன இரண்டு வேரா என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு தீரவில்லை. ஆசைப்படுவதற்கு வழக்கு தீர வேண்டியதில்லை.

உறுதியாகச் சொல்லக்கூடிய உறவு ஒன்று உண்டு. நாறு நெடில். அதன் குறில் நறு. நறுமலர், நறுநெய், நறுமணம். தேனுக்கும் கள்ளுக்கும் நறவு. இந்தக் குறில் பக்கத்துக்கு ஒரு கறையும் படவில்லை. தென்காசியிலிருந்து ஆண்ட பாண்டியர்களில் 16ஆம் நூற்றாண்டின் அதிவீரராம பாண்டியர் பெரும்புலவர். நைடதம் பாடியவர். பிள்ளைகளுக்காக அவர் எழுதிய வெற்றி வேற்கைக்கு இன்னொரு பெயர் நறுந்தொகை. எவ்வளவு அழகான பெயர்! நகரத்துக்கு ஒரு துணைக்கால் போட்டுப் பாருங்கள். நாறுந்தொகை. அந்தப் புத்தகத்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் வாங்குவார்கள்? ஒரே ஒரு துணைக்காலுக்கு எத்தனை தண்டனை!

குறில் ஏன் தப்பித்தது? நறு என்பது ஒரு பண்பைச் சொல்லும் சொல். நல்ல பொருளோடு மட்டுமே அது சேர்ந்தது. சுறாவோடு அது சேரவே இல்லை. நாறு வினைச்சொல். நடப்பதைச் சொல்வது அதன் வேலை. பூவுக்கும் போக வேண்டும், புலாலுக்கும் போக வேண்டும். ஊரெல்லாம் வேலைக்குப் போகிறவன் மேல்தானே சேறு தெறிக்கும்?

இது தமிழில் மட்டும் நடந்ததா? செங்கோட்டைக்காரர்கள் யாராவது வந்திருந்தால் அவர்களே சாட்சி. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவில் போய் நாற்றம் என்று சொல்லிப் பாருங்கள். மலையாளத்திலும் அது கெட்ட வாடைதான். நறு என்று சொல்லுங்கள், அங்கேயும் நல்லது. கன்னடத்துக்குப் போனால் நெடில் கொண்ட நாத என்றால் துர்நாற்றம், குறில் கொண்ட நறுகம்பு என்றால் நறுமணம். மூன்று மொழியிலும் அண்ணனுக்கு அவப்பெயர், தம்பிக்கு நற்பெயர்.

கடல் தாண்டினாலும் இதே கதை. ஆங்கிலத்தில் ஸ்டிங்க் என்றால் இன்று நாறுவது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் அது இனிய மணத்துக்கும் வந்தது. பாரசீகத்தில் பூ என்றால் மணம், நல்லதும் கெட்டதும். குஷ் சேர்ந்தால் குஷ்பூ, நறுமணம். பத் சேர்ந்தால் பத்பூ, துர்நாற்றம். குஷ்பு இட்லி தின்னும்போது அது ஏதோ பூ சம்பந்தப்பட்ட பெயர் என்று நினைப்பவர்கள் நம்மில் உண்டு. அந்தப் பூ நம் பூ இல்லை, நம் நாற்றம்! இந்தியில் குஷ்ஷும் இல்லாமல் பத்தும் இல்லாமல் வெறும் பூ வருகிறது என்றால் என்ன பொருள்? கெட்ட வாடை வருகிறது என்று பொருள். அங்கேயும் நடுவில் நின்ற சொல் அதே பக்கமாகத்தான் சாய்ந்திருக்கிறது.

ஏன் எப்போதும் இந்தப் பக்கமே சாய்கிறது? நம் வீட்டுப் பேச்சைக் கவனித்தால் விடை கிடைக்கும். நல்ல மணம் வந்தால் பொருளின் பெயரைச் சொல்கிறோம். மல்லி மணக்கு, நெய் மணக்கு, கொத்தமல்லி கிள்ளிப்போட்ட ரசம் மணக்கு என்கிறோம். கெட்டது வந்தால்? எங்கிருந்து வருகிறது என்று உடனே தெரியாது. தெரிந்தாலும் சொல்லக் கூசும். "என்னமோ வாடை அடிக்கு" என்று நிறுத்திக்கொள்கிறோம். பொருளின் பெயரைச் சொல்லாமல் வெறும் பொதுச்சொல்லை மட்டும் எடுக்கிற நேரம் எல்லாம் கெட்ட நேரம். பொதுச்சொல் அந்த அழுக்கைச் சுமந்து சுமந்து அழுக்காகிவிடுகிறது. அப்புறம் மரியாதைக்கு இன்னொரு பொதுச்சொல்லைத் தேடுகிறோம். நாற்றம் கெட்டதும் வாடை என்றோம். வாடை என்பது வடக்கிலிருந்து வரும் காற்றுக்குப் பெயர். அதற்கும் கறை பட்டது. வீசுவதால் வீச்சம் என்றோம், அதுவும் போயிற்று.

இப்போது புதிதாக ஒரு சொல் அகப்பட்டிருக்கிறது. ஸ்மெல். ஆங்கிலத்தில் அது பொதுச்சொல், ரோஜாவுக்கும் உண்டு. தமிழில்? பஸ் ஸ்டாண்டு கழிப்பறைப் பக்கம் போய்விட்டு வந்து, "ஒரே ஸ்மெல்" என்கிறோம். "ஸ்மெல் அடிக்கு" என்றால் பூ வாசம் என்று யாராவது எடுத்துக்கொள்வார்களா? நாற்றத்துக்கு நூற்றாண்டுகள் பிடித்த பயணத்தை ஸ்மெல் நம் கண் முன்னால் சில பத்தாண்டுகளில் முடித்துவிட்டது.

பொதுச்சொல்லின் கதை இப்படி. ஆனால் கெட்ட வாடைகளை வகை பிரிப்பதில் நம் பாட்டிமார்களுக்கு நிகர் யாரும் இல்லை. இதை நிதானமாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தச் சொற்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கின்றன.

நேற்றைய சாம்பார் கெட்டால் ஊசிப்போச்சு. அது ஊசல் வாடை. தேங்காய் பழசானால், எண்ணெய் நாள்பட்டால் காறல். அதே எண்ணெய் தலையணை உறையில் படிந்து கிடந்தால் சிக்கு வாடை. மீன் கழுவிய கையில் கவிச்சி. முட்டை குடித்த டம்ளரிலும் அதுவே. கிடாயின் மேல் அடிப்பது மொச்சை. மயிரோ துணியோ நெருப்பில் பட்டால் பொசுங்கல். பால் பாத்திரம் அடிப்பிடித்தால் தீய்ந்த வாடை. அழுகிய இறைச்சிக்கு முடை, இது சங்க காலத்திலிருந்து வருகிற பழைய சொல். பிறகு இந்த ஊருக்கே உரியது. ஆனி, ஆடியில் சாரல் விடாமல் பெய்யும்போது கொடியில் போட்ட துணி மூன்று நாளாகியும் காயாமல் ஒரு மக்கல் வாடை வருமே! தென்காசி வீடுகளில் அதை அறியாதவர் உண்டா? குற்றாலத்துச் சீசன் வெளியூர்க்காரனுக்கு அருவி. உள்ளூர் அம்மாவுக்கு மக்கல் வாடை.

இவற்றில் எதற்கும் துர் என்ற ஒட்டு தேவைப்படவில்லை. ஒவ்வொன்றும் காரணத்தையே பெயராகக் கொண்டிருக்கிறது. ஊசல் என்றால் கொட்ட வேண்டும். கவிச்சி என்றால் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்தால் போய்விடும். மக்கல் என்றால் வெயிலில் போட வேண்டும். பெயரைச் சொன்னாலே செய்ய வேண்டியதும் தெரிந்துவிடும். எல்லாவற்றையும் பேட் ஸ்மெல் என்று ஒரே சாக்கில் கட்டிவிட்டால் என்ன செய்வது என்பது எப்படித் தெரியும்? ரூம் ஸ்பிரே அடிப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

இயற்கைக்கு இந்த நல்லது கெட்டது தெரியுமா? தெரியாது. மழை நினைத்தால் போதும். காய்ந்த செம்மண்ணில் முதல் தூறல் விழுந்ததும் கிளம்புகிற மண்வாசனைக்கு மயங்காதவர் இல்லை. 1964இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இசபெல் ஜாய் பியர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இருவர் அதற்குப் பெட்ரிக்கோர் என்று பெயர் சூட்டினார்கள். அந்த வாசனையில் முக்கியப் பங்கு ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருளுக்கு. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. கிரேக்கத்தில் அந்தப் பெயருக்கு மண்ணின் மணம் என்றே பொருள். நம் சைவ சித்தாந்தமும் ஐம்பூதங்களில் நிலத்துக்கு உரிய தனிக்குணம் நாற்றம் என்கிறது. அதே ஜியோஸ்மின் குளத்து மீனின் சதையில் ஏறினால் என்ன சொல்கிறோம்? "மண்வாடை அடிக்கு, குழம்புக்கு ஆகாது." குடிதண்ணீரில் கலந்தால் நகராட்சிக்குப் புகார் போகிறது. பொருள் ஒன்றுதான். மழையில் வந்தால் கவிதை, மீனில் வந்தால் புகார்.

மல்லிகையின் கதை இதைவிட வேடிக்கை. சங்கரன்கோவில் சந்தையில் குவிந்து கிடக்கிற மல்லிகையின் மணத்தில் பல பொருள்கள் கலந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று இண்டோல். மிகச் சிறிய அளவில் இருக்கும்போது அதுதான் மல்லிகைக்கு அந்தக் கிறக்கத்தைத் தருகிறது. அளவு கூடினால்? சபையில் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். மலத்தின் வாடையிலும் இருப்பது அதே இண்டோல். முதல் நாள் மாலையில் சூடிய சரம் மறுநாள் மதியம் வாடிக் கிடக்கும்போது ஒரு கனத்த வீச்சம் வருவதைப் பெண்கள் அறிவார்கள். ஒரே மூலக்கூறு பூவிலும் நாறுகிறது, மற்றதிலும் நாறுகிறது. நாறு என்று ஒரே வினையை இரண்டுக்கும் வைத்த பழந்தமிழர் வேதியியல் படித்தவர்கள் அல்லர். ஆனால் வேதியியலோடு முரண்படவும் இல்லை.

மூக்குகளுக்குள்ளேயே கட்சி பிரிந்து கிடப்பதைப் பார்க்க வேண்டுமானால் சீசனில் குற்றாலத்துப் பழக்கடைகளுக்குப் போனால் போதும். மங்குஸ்தான், ரம்புட்டான் எல்லாம் வரிசையாக இருக்கும். அவற்றுக்கு நடுவே முள்ளோடு ஒன்று உட்கார்ந்திருக்கும். துரியன் பழம். மலாய் மொழியில் துரி என்றால் முள், அதிலிருந்து வந்த பெயர். தமிழில் இதை முள்நாறி என்று எழுதுபவர்களும் உண்டு. என்ன பொருத்தமான பெயர்! பிள்ளைப்பேறு வேண்டித் தேடி வந்து வாங்கிப் போகிற தம்பதிகளை இந்தக் கடைகளில் பார்க்கலாம். அந்த நம்பிக்கை மருத்துவர்கள் பேச வேண்டியது. மூக்கின் பக்கத்தை மட்டும் பேசுவோம். சிங்கப்பூர் ரயிலில் துரியனோடு ஏறத் தடை. 2017இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் அதன் மரபணுத்தொகுதியை வாசித்தபோது, கந்தகச் சேர்மங்களை உண்டாக்கும் மரபணுக்கள் அதில் பெருகிக் கிடப்பதைக் கண்டார்கள். அழுகிய வெங்காயம் என்று ஒருவர் ஓடுகிறார். பழங்களின் அரசன் என்று ஒருவர் விரலைச் சப்புகிறார். இருவரும் சுவாசிப்பது ஒரே காற்று.

அருவிக்கரையில் கூட இதே வழக்கு உண்டு. செண்பக மரங்களின் பெயரால் செண்பகாதேவி அருவி இருக்கிற ஊர் குற்றாலம். பக்கத்தில் இலஞ்சி. இலஞ்சி என்றால் மகிழ மரம் என்றும் பொருள், காய்ந்து சருகானாலும் மணம் போகாத பூ அதனுடையது. குற்றாலநாதருக்கு மூலிகைத் தைலம் சாத்துகிறார்கள், சந்நிதியில் அந்த மணம் தங்கியிருக்கும். வெளியே வந்தால் அருவிப் பாதையில் மசாஜ் எண்ணெய், சீயக்காய், ஷாம்பு, ஈரத்துண்டு, மிளகாய்ப் பஜ்ஜி எல்லாம் கலந்த ஒன்று. அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை போட வேண்டியிருந்தது. அந்தக் கலவையை வெளியூர்க்காரர் குற்றாலத்து வாசனை என்பார். வாரம் முழுக்கக் குப்பை அள்ளுகிற துப்புரவுத் தொழிலாளியிடம் கேட்டால் வேறு சொல் சொல்வார். அவர் சொல்லுக்குத்தான் மதிப்பு அதிகம்.

நாறு என்ற வினை மூக்கைத் தாண்டியும் போய்விட்டது. கடன் வாங்கித் திருப்பாதவன் பேர் நாறிப்போச்சு. அண்ணன் தம்பி சண்டை தெருவுக்கு வந்தால் குடும்பம் நாறிப்போச்சு. மேடையில் ஒருவரை ஒருவர் கிழித்தால் நாறடித்துவிட்டார். பேரைச் சொல்ல வேறு வினை கிடைக்கவில்லையா? பேர் மணக்கிறது என்றும் சொல்கிறோமே! புகழும் பழியும் காற்றில் பரவும், அடைத்து வைக்க முடியாது என்பதால் இரண்டுக்கும் மூக்கு வினையையே எடுத்துக்கொண்டோம் போலும்.

கடைசியாக ஒரு செய்தி. நாற்றத்தின் இடத்தில் நாம் உட்கார வைத்திருக்கிற மணம் என்ற சொல்லும் எல்லா ஊரிலும் பத்திரமாக இல்லை. யாழ்ப்பாணத் தமிழில் மணம் இன்னும் நடுவில் நிற்கும் சொல். மீன் மணக்குது, சப்பாத்து (காலணி) மணக்குது என்று கெட்டதற்கும் சொல்வார்கள். சங்க காலத்துத் தோழி நாறு என்ற வினையை ஆண்டது போலவே அவர்கள் மணத்தை ஆள்கிறார்கள். தென்காசிப் பெண் ஒருத்தி டொராண்டோவில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்கு மருமகளாய்ப் போனதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் நாள் சமையல். அடுப்பில் சாம்பார் கொதிக்கிறது. மாமியார் கூடத்திலிருந்து குரல் கொடுக்கிறார்: "பிள்ளை, குசினிக்குள்ள என்னவோ மணக்குது."

மருமகளுக்குப் பூரிப்பு. "ஆமா அத்தை, நம்ம ஊர்ப் பெருங்காயம்" என்று சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே நிற்கிறாள்.

அவள் ஓடிப்போய் அடுப்பை அணைத்திருக்க வேண்டும்.